மயக்கம் கொடுத்த பிறகு டாக்டர் எதைப் பார்த்துக்கொண்டிருப்பார்?

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 76 வயது அப்பத்தா, வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் தண்ணீர் சிந்தியிருந்த தரையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது, பிபியும் சுகரும் பல வருஷமாக இருக்கிறது. காரைக்குடியில் ஒரு ஆஸ்பத்திரியில் முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார்கள். வீட்டில் பாதிப் பேர் "மதுரைக்குக் கொண்டுபோயிரலாம், அங்கதான் மிஷின் எல்லாம் இருக்கும்" என்கிறார்கள். மயக்கத்தில் இருக்கும்போது என்னவெல்லாம் கவனிப்பார்கள், எந்த மிஷின் இருந்தால் நம்பிப் போகலாம் என்பது கேள்வி.

நான் இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் மயக்க மருந்து டாக்டராக வேலை பார்ப்பவன், அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். முதலில் பதில்: மிஷின் எத்தனை இருக்கிறது என்பதற்கு முன்னால், மயக்க டாக்டர் ஆபரேஷன் முடியும்வரை அப்பத்தாவின் தலைமாட்டை விட்டு நகராமல் இருப்பாரா என்று கேளுங்கள். ஊசி போட்டுவிட்டு அடுத்த ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடுகிற இடம் என்றால், அங்கே எவ்வளவு விலையுயர்ந்த மானிட்டர் இருந்தாலும் எனக்கு மனசு ஒப்பாது. 1986ல் அமெரிக்க மயக்கவியல் சங்கம் கண்காணிப்புக்கான அடிப்படை விதிகளை வகுத்தபோது முதல் விதியே இதுதான்: தகுதியுள்ள ஒருவர் முழு நேரமும் அறையில் இருக்கவேண்டும். ஆக்ஸிஜன், மூச்சு, ரத்த ஓட்டம், உடல் சூடு நான்கையும் தொடர்ந்து பார்க்கவேண்டும் என்பது அதற்கு அடுத்ததாகத்தான் வருகிறது.

விரலில் மாட்டும் கிளிப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன், கொரோனா காலத்தில் எல்லோர் வீட்டிலும் அது வந்துவிட்டதால். பல்ஸ் ஆக்ஸிமீட்டர். 1974ல் ஜப்பானில் தகுவோ அயோயாகி என்ற பொறியாளர் கண்டுபிடித்த தத்துவம். 660 நானோமீட்டர் அளவில் ஒரு சிவப்பு வெளிச்சம், 940 அளவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அகச்சிவப்பு வெளிச்சம், இரண்டையும் விரல் வழியாக அனுப்பும். ஆக்ஸிஜன் ஏறிய ரத்தம் ஒன்றை அதிகம் உறிஞ்சும், ஏறாத ரத்தம் மற்றொன்றை. ஒவ்வொரு துடிப்புக்கும் கூடிக் குறையும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்துக் கணக்குப் போடுவதால், தோல், எலும்பு, நகம் எல்லாம் கணக்கிலிருந்து பெரும்பாலும் கழிந்துவிடும். அயோயாகி கண்ட நுணுக்கம் அந்தத் துடிப்பைப் பிடித்ததில்தான் இருக்கிறது.

"பெரும்பாலும்" என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. அடர்ந்த நகப்பூச்சு இருந்தால் தப்பாகக் காட்டலாம். சாதாரணச் சிவப்பு மருதாணி தொந்தரவு தராது, கறுப்பு மருதாணி சில சமயம் சிக்னலையே மறித்துவிடும். கல்யாண வீட்டிலிருந்து நேராக வருகிறவர்களைப் பார்த்தால் நான் முதலில் விரலைத்தான் பார்ப்பேன். கை ஜில்லென்று இருந்தாலும் அளவு வராது, அப்போது காதுமடலில் மாட்டுவோம். கறுத்த தோலில் இந்தக் கருவி நிஜ அளவைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம் என்று 2020ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று எல்லோரையும் உலுக்கியது. நம் ஊர்த் தோல் நிறத்துக்கு இது ரொம்பப் பொருந்தும் விஷயம். அதனால் 92 என்று காட்டினால் "பரவாயில்லை, 90க்கு மேலேதானே" என்று நான் இருக்கமாட்டேன். 90 என்பது ரத்தத்தில் ஆக்ஸிஜன் அழுத்தம் சுமார் 60 மி.மீ. பாதரசம் என்று அர்த்தம், அதற்குக் கீழே போனால் சரிவு செங்குத்தாக இருக்கும்.

கிளிப் வருவதற்கு முன்பு டாக்டர்கள் உதட்டின் நிறத்தைப் பார்ப்பார்கள், வெட்டிய இடத்தில் ரத்தம் கறுத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இதை நம்பி இருக்க முடியாது. நீலம் பாரிப்பது கண்ணுக்குத் தெரிய, ஆக்ஸிஜன் இல்லாத ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 5 கிராம் அளவுக்குச் சேரவேண்டும் என்பது பழைய கணக்கு. ரத்தசோகை உள்ள ஒரு பாட்டிக்கு அந்த அளவு சேர்வதற்குள் ஆபத்து முற்றியிருக்கும். அதோடு வெற்றிலை போட்டுச் சிவந்த உதட்டில் எந்த நிறத்தைத் தேடுவது? (வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பாக்கு வருஷக்கணக்கில் வாயின் உட்தோலை இறுக்கி வாய் திறப்பதைக் குறைத்துவிடும், முதுகு ஊசி பலிக்காமல் முழு மயக்கத்துக்கு மாறவேண்டி வந்தால் தொண்டையில் ட்யூப் வைப்பது பெரும்பாடாகிவிடும்.)

மானிட்டரில் "டிங் டிங்" என்று ஒரு சத்தம் வருமே, அது வெறும் இதயத் துடிப்புக்கான சத்தம் கிடையாது. ஆக்ஸிஜன் அளவு இறங்க இறங்க அந்தச் சுருதியும் இறங்கும். மருந்து ஏற்றிக்கொண்டோ சார்ட் எழுதிக்கொண்டோ இருக்கும்போதும் காது அதிலேயே இருக்கும், சுருதி அரைப் படி இறங்கினால் தலை தானாகத் திரும்பும். சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று அதை அணைத்துவைப்பதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்வதில்லை.

ஆனால் இந்தக் கருவிக்கு ஒரு பெரிய குறை இருக்கிறது: அது தாமதமாகச் சொல்லும். ஆக்ஸிஜன் கொடுத்துவைத்திருக்கும் ஒருவருக்கு மூச்சு நின்றுபோனாலும் சில நிமிஷங்கள்வரை 99, 100 என்றே காட்டிக்கொண்டிருக்கும், நுரையீரலில் சேமித்துவைத்த ஆக்ஸிஜன் தீரும்வரை. மூச்சு நிற்பதை முதலில் சொல்வது கேப்னோகிராஃப், அதாவது வெளிவிடும் மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடை அளந்து அலையாக வரைந்து காட்டும் கருவி. மிஷின் பற்றிக் கேட்கவேண்டும் என்றால் இந்த ஒன்றைப் பற்றிக் கேளுங்கள் என்பேன். மூச்சு முடியும் இடத்தில் அளவு 35லிருந்து 45 மி.மீ. வரை இருப்பது சரி. ட்யூப் மூச்சுக்குழாய்க்குப் பதிலாக உணவுக்குழாய்க்குள் போய்விட்டால் அலை வராது, அல்லது இரண்டு மூன்று மூச்சில் தேய்ந்து மறைந்துவிடும். ஸ்டெதஸ்கோப்பில் கேட்டால் ஏமாந்துபோக வாய்ப்புண்டு, கேப்னோகிராஃபில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

அலையின் வடிவமும் பேசும். நன்றாக இருக்கும்போது மேலே தட்டையாக, பெட்டி மாதிரி இருக்கும். ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுக்குழல் இறுகினால் மேல்பக்கம் சரிவாக ஏறும். அளவு சட்டென்று பாதியாக விழுந்தால் ட்யூப் இணைப்பு கழன்றிருக்கலாம், நுரையீரல் ரத்தக் குழாயில் அடைப்பு வந்திருக்கலாம், இதயம் ரத்தத்தைத் தள்ளுவதே குறைந்திருக்கலாம். மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் மூச்சு போதவில்லை. லேப்ராஸ்கோப்பி, அதாவது சின்னத் துளை வழியாகச் செய்யும் ஆபரேஷன் என்றால் வயிற்றை உப்பவைக்க விடும் வாயுவே கார்பன் டை ஆக்சைடு என்பதால் அப்போதும் கொஞ்சம் ஏறும். அரிதாக, சில பரம்பரைகளில், மயக்க வாயு பட்டவுடன் தசைகள் வெறிபிடித்தமாதிரி எரிசக்தியைச் செலவழிக்கும் ஒரு கோளாறு உண்டு. அதற்கும் உடம்பு சூடாவதற்கு வெகு முன்பே இந்த எண்தான் ஏறிக் காட்டிக்கொடுக்கும். குடும்பத்தில் யாராவது மயக்கத்தில் எதிர்பாராமல் இறந்திருந்தால், அது எத்தனை பழைய கதையாக இருந்தாலும் டாக்டரிடம் சொல்லவேண்டும் என்பது இதற்காகத்தான்.

மூச்சைப் பார்ப்பதா, நாடியைப் பார்ப்பதா என்று ஒரு காலத்தில் பெரிய சண்டையே நடந்தது, அதுவும் நம் நாட்டில். ஹைதராபாத்தில் எட்வர்ட் லாரி என்ற ஆங்கிலேய சர்ஜன், குளோரோஃபார்ம் கொடுக்கும்போது மூச்சை மட்டும் கவனித்தால் போதும், இதயம் அதற்குப் பிறகுதான் நிற்கும் என்று உறுதியாக நம்பினார். நிஜாமின் பணத்தில் 1888லும் 1889லும் இரண்டு கமிஷன்கள் போட்டு, மிருகங்களை வைத்து ஏராளமான சோதனைகள் செய்து, அதையே தீர்ப்பாகவும் சொன்னார்கள். 1911ல் லெவி என்பவர், குளோரோஃபார்ம் இலேசாகக் கொடுத்திருக்கும் நேரத்திலேயே இதயம் தாறுமாறாக நடுங்கி நின்றுவிட முடியும் என்று காட்டினார். மூச்சைக் கவனி என்று ஹைதராபாத் சொன்னதில் தப்பில்லை, அது மட்டும் போதும் என்றதுதான் தப்பு. இன்றைக்கு ஒரே திரையில் இசிஜி, கிளிப் அலை, மூச்சு அலை மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடுவதைப் பார்க்கும்போது எனக்கு அந்தச் சண்டை ஞாபகம் வரும்.

இசிஜி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நெஞ்சில் மூன்று அல்லது ஐந்து ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். துடிப்பின் ஒழுங்கு தெரியும், வயதானவர்களுக்கும் சுகர் உள்ளவர்களுக்கும் இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்பதற்கான அறிகுறி தெரியும். ஆனால் அது மின்சாரத்தை மட்டுமே காட்டும். இதயம் ரத்தத்தைத் தள்ளாமலேயே திரையில் அழகான இசிஜி ஓடிக்கொண்டிருக்க முடியும். சர்ஜன் காட்டரி (மின்சாரத்தால் சுட்டு ரத்தத்தை அடைக்கும் கருவி) வைக்கும்போது கோடு முழுக்கக் கிறுக்கலாகிவிடும், அப்போது கிளிப்பின் அலையையும் நாடியில் வைத்த விரலையும்தான் நம்பவேண்டும். காட்டரி என்றதும் இன்னொன்று: வைரத்தோடு, மூக்குத்தி, வளையல், கழுத்தில் இருப்பது எல்லாவற்றையும் கழற்றச் சொல்வது திருட்டுக்குப் பயந்து மட்டும் கிடையாது, அந்த மின்சாரம் உலோகம் வழியாகப் பாய்ந்து தோலைச் சுட்டுவிடலாம் என்பதால்தான். தாலியைக் கழற்ற மனசு வராதவர்கள் முந்தின நாளே சொல்லிவிட்டால் பேசிக்கொள்ளலாம், தியேட்டர் வாசலில் அழவேண்டியதில்லை.

இப்போது அப்பத்தாவுக்கு நேரடியாக வேண்டியது: பிபி. முதுகில் ஊசி போட்ட சில நிமிஷங்களில் இடுப்புக்குக் கீழே ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிந்துவிடும், ரத்தம் கால்களில் தேங்கும், பிபி விழும். இளவயதுக்காரர் தாங்கிக்கொள்வார். வருஷக்கணக்காக 160ல் பழகிய உடம்புக்கு 100 என்பது மூளைக்கும் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் போதாமல் போகலாம், புத்தகத்தில் அது நார்மல் என்றே இருந்தாலும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவையாவது பிபி பார்க்கவேண்டும் என்பது விதி, ஸ்பைனல் (இந்த முதுகு ஊசி) போட்ட முதல் கால்மணி நேரம் ஒன்றிரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்ப்பதுதான் என் வழக்கம். விழ ஆரம்பித்ததுமே ரத்தக் குழாயை இறுக்கும் மருந்தைச் சின்னச் சின்ன அளவில் கொடுத்தால் சரியாகிவிடும். எனவே அப்பத்தாவுக்கு வீட்டில் வழக்கமாக என்ன பிபி இருக்கும் என்று எழுதிவைத்த நோட்டு இருந்தால் கட்டாயம் கொண்டுபோங்கள். என்னைப் பொறுத்தவரை ஒரு ஸ்கேனைவிட அது பிரயோஜனமானது. தினம் போடும் மாத்திரைகளை அட்டையோடு கொண்டுபோங்கள், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை அதில் இருந்தால் முதுகு ஊசியே போடலாமா என்ற முடிவு மாறிவிடும்.

சார்ட் எழுதும் பழக்கத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1890களின் நடுவில் பாஸ்டனில் ஹார்வி குஷிங், எர்னஸ்ட் காட்மன் என்ற இரண்டு மருத்துவ மாணவர்கள், ஈதர் கொடுக்கும்போது நாடியையும் மூச்சையும் நேரம் போட்டுக் குறித்துவைக்க ஆரம்பித்தார்கள். 1901ல் குஷிங் இத்தாலியில் ரீவா ரோச்சியின் பிபி கருவியைப் பார்த்து, அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் அந்தத் தாளில் பிபியையும் சேர்த்தார். ஒரு தனி எண்ணைவிட அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான் எங்களுக்கு முக்கியம், 130, 122, 114 என்று வரிசையாக இறங்குவது தாளில் பளிச்சென்று தெரியும். பெரிய ஆபரேஷன், அல்லது இதயம் பலவீனமானவர் என்றால், மணிக்கட்டு நாடியில் மெல்லிய குழாய் வைத்து ஒவ்வொரு துடிப்புக்கும் பிபி தெரியும்படி செய்வோம். அப்பத்தாவுக்கு அது தேவையா என்பதை எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஸ்பைனலில் ஒரு பெரிய சௌகரியம், அப்பத்தாவே ஒரு மானிட்டர். "அப்பத்தா, எந்த ஊர்க் கோயில் உங்களுக்கு? இளையாத்தங்குடியா, வைரவன்பட்டியா?" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்போம். பொழுதுபோக்காகத் தெரியும், உள்ளே நாங்கள் கவனிப்பது வேறு. பதில் கோர்வையாக வருகிறதா, வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்கிறாரா, குரல் திடீரென்று மெலிகிறதா, குமட்டுகிறது என்கிறாரா. குமட்டல் பல நேரம் பிபி விழுவதற்கான முதல் அறிகுறி, அடுத்த பிபி அளவு வருவதற்கு முன்பே அது வந்துவிடும். மரத்துப்போனது எந்த மட்டம்வரை ஏறியிருக்கிறது என்பதை ஸ்பிரிட் பஞ்சைத் தொட்டு "குளிருதா?" என்று கேட்டுத் தெரிந்துகொள்வோம். மார்புக்கு மேலே ஏறினால் மூச்சும் துடிப்பும் மந்தமாகலாம். பயத்துக்காகத் தூக்க ஊசி கொடுத்தால் இந்தப் பேச்சு நின்றுவிடும், அப்போது மூக்கு வழியாகவே கார்பன் டை ஆக்சைடைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இடுப்பு ஆபரேஷனில் ஒரு குறிப்பிட்ட கட்டம் உண்டு, வீட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்வதில்லை. உடைந்த பந்து எலும்பை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைக்கும்போது சிலருக்கு எலும்புக்குள் சிமெண்ட் வைத்து இறுக்குவார்கள். அதை அழுத்தும்போது எலும்பு மஜ்ஜையிலிருந்து கொழுப்பும் துகள்களும் ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போகலாம், சிலருக்கு சட்டென்று பிபியும் ஆக்ஸிஜனும் விழும். பெரும்பாலும் சமாளிக்கக்கூடியதுதான், ஆனால் முன்கூட்டியே தயாராக இருக்கவேண்டும். சர்ஜன் "சிமெண்ட் வைக்கப்போறேன்" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும், நான் அதற்கு முன்பே ஆக்ஸிஜனைக் கூட்டி, மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு, பிபியை அடிக்கடி பார்க்க ஆரம்பித்திருக்கவேண்டும். அந்த இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் தியேட்டரா என்பது, மானிட்டர் எந்தக் கம்பெனி என்பதைவிட முக்கியம். ஆபரேஷனுக்கு முன் பெயர், எந்தப் பக்கம், என்ன அலர்ஜி, கிளிப் மாட்டி வேலை செய்கிறதா என்று சத்தமாகச் சரிபார்க்கும் பட்டியலை உலகச் சுகாதார நிறுவனம் 2008ல் கொண்டுவந்ததும் இந்தப் பேச்சை நடக்கவைக்கத்தான்.

முழு மயக்கம் என்றால் கூடுதலாக மூன்று விஷயம். மிஷினிலிருந்து போகும் வாயுவில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று அளக்கும் சென்சார் இருக்கும். பல மிஷின்களில் அது ஒரு சின்ன மின்வேதியியல் செல், ஆக்ஸிஜன் பட்டால் மின்னோட்டம் உண்டாக்கும். நம் காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம்) ஆராய்ச்சி செய்கிறார்களே, அந்த இயல்தான். அடுத்தது தசை தளர்த்தும் மருந்து: கடைசியில் அதன் வீரியம் முழுக்கப் போய்விட்டதா என்று மணிக்கட்டு நரம்பில் நான்கு சின்ன மின்தூண்டல் கொடுத்து, கட்டைவிரல் நான்காவது தடவையும் முதல் தடவை அளவுக்கு அசைகிறதா என்று பார்ப்பது. நான்காவது, முதலாவதில் 90 சதவீதமாவது இருக்கவேண்டும், வெறுங்கண்ணால் அதைக் கணிக்க முடியாது. "தலையைத் தூக்குங்க" என்று சொல்லித் தூக்கினால் போதும் என்று இருந்துவிடுகிற இடங்கள் இன்னும் நிறைய, அதை மாற்றவேண்டும் என்பது என் கருத்து. மூன்றாவது, எல்லோரும் பயப்படும் விஷயம், நடுவில் விழிப்பு வந்துவிடுமா? பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நாடு தழுவி நடத்தி 2014ல் வெளியிட்ட கணக்கெடுப்பில், அப்படி நினைவு இருந்ததாகச் சொன்னவர்கள் சுமார் 19,000 மயக்கங்களுக்கு ஒருவர். மயக்க வாயு எவ்வளவு மூச்சில் இருக்கிறது என்று தொடர்ந்து அளப்பதும், நரம்பு வழி மருந்து மட்டுமே கொடுக்கும்போது நெற்றியில் ஸ்டிக்கர் ஒட்டி மூளையின் மின்னலையைப் பார்ப்பதும் அதற்காகத்தான். அந்த அலையிலிருந்து கருவி கணக்கிட்டுக் காட்டும் எண் 40லிருந்து 60க்குள் இருக்குமாறு பார்த்துக்கொள்வோம்.

உடல் சூட்டை மறந்துவிடுவார்கள். ஏசி, ஜில்லென்ற குளுகோஸ், வயதான உடம்பு மூன்றும் சேர்ந்தால் முதல் ஒரு மணி நேரத்திலேயே சுமார் ஒரு டிகிரி இறங்கும். 36க்குக் கீழே போனால் ரத்தம் உறைவது தாமதமாகும், புண்ணில் கிருமி சேர வாய்ப்பு கூடும், நடுக்கம் இதயத்தைச் சிரமப்படுத்தும். சூடான காற்று ஊதும் போர்வை இருக்கிறதா என்று கேளுங்கள். சுகர் உள்ளவர் என்பதால் நடுவில் குளுகோமீட்டரில் பார்ப்பார்கள், சக்ஷன் பாட்டிலிலும் நனைந்த துணிகளிலும் எவ்வளவு ரத்தம் என்று கணக்கு வைப்பார்கள், சிறுநீர் ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை மில்லியாவது வருகிறதா என்று பார்ப்பார்கள்.

சரி, மதுரையா காரைக்குடியா? இடுப்பு எலும்பு முறிவை முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் சரிசெய்வது நல்லது, படுத்தே கிடந்தால் சளி கட்டும், படுக்கைப்புண் வரும், காலில் ரத்தம் உறையும். வெறும் மிஷினுக்காக இரண்டு நாள் தள்ளிப்போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. எக்கோவில் இதய வால்வு ரொம்பச் சுருங்கியிருக்கிறது, சமீபத்தில் மாரடைப்பு வந்திருக்கிறது, நுரையீரல் மோசம், பிறகு வென்டிலேட்டர் தேவைப்படலாம் என்றால் யோசிக்காமல் மதுரைக்குப் போங்கள். அப்படி ஒன்றும் இல்லை, மயக்க டாக்டர் கூடவே இருப்பார், கேப்னோகிராஃப் இருக்கிறது, ரத்தம் ஏற்பாடாகியிருக்கிறது, ஆபரேஷன் முடிந்ததும் வைத்துப் பார்க்கும் ரெக்கவரி அறையில் ஆள் இருக்கிறார் என்றால் காரைக்குடியிலேயே செய்யலாம். நான் அப்பத்தாவைப் பார்க்கவில்லை, பார்த்த டாக்டரிடம் இவற்றைக் கேளுங்கள், நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார்.

ரெக்கவரி பற்றி இரண்டு வார்த்தை. தியேட்டரில் இவ்வளவு பார்த்துவிட்டு, வெளியே வந்ததும் கிளிப்பைக் கழற்றி வராந்தா வழியாக வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்க்கும்போது வயிற்றைக் கலக்கும். பிபி விழுவதும் மூச்சு மந்தமாவதும் அந்த முதல் ஒரு மணி நேரத்தில் நடக்க நிறைய வாய்ப்பு உண்டு. கிளிப், பிபி, ஆக்ஸிஜன் மூன்றும் அங்கேயும் தொடரவேண்டும், பக்கத்தில் ஒரு நர்ஸ் உட்கார்ந்திருக்கவேண்டும். அன்று ராத்திரி அப்பத்தா ஆள் தெரியாமல் பேசலாம், குழாயைப் பிடுங்கப் பார்க்கலாம். வயதானவர்களுக்கு இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு இது அடிக்கடி வரும், பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும். "வயசாயிருச்சுல்ல" என்று விட்டுவிடாமல் நர்ஸிடம் சொல்லி ஆக்ஸிஜன், சுகர், வலி மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மூக்குக்கண்ணாடி, காது மிஷின், பல்செட்டு டப்பா இவற்றை வீட்டில் விட்டுவிடாமல் எடுத்துப்போங்கள், பழகிய குரல் ஒன்று ராத்திரி முழுக்கக் கட்டில் பக்கத்தில் இருக்கட்டும்.